முதல் தடத்தில் நான்

கண்ணாடிகளுக்கு நடுவே ஜெல்லில் ஓடுகிற நீலச் சாயக்கோடு இரண்டு விரற்கடைகூட இறங்கவில்லை. இறங்குவது கண்ணுக்குத் தெரியாது, என் மகள் மதிக்கு நகம் வளர்வது தெரியாத மாதிரி. ஆனால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஒரு நூலளவு கீழே வந்திருக்கும். ஒன்றே முக்கால் ஆகிறது. நாலு மணிக்கு அது கண்ணாடியின் அடியைத் தொடும், அப்புறம் முக்கால் மணி நேரம் வெள்ளிக் கரைசலில் ஆட்டிக்கொண்டே இருந்தால் ஜெல்லில் கோடுகள் எழும், எழுந்தால் தெரிந்துவிடும், நேற்று முதல் தடத்தில் நின்றதே மூன்றாவதாக ஒரு கோடு, அது என்னுடையதா இல்லையா என்று. முதல் தடத்தில் ஓடுவது என் ரத்தம். எல்லாருக்கும் இரண்டு கோடுதான் வர வேண்டும். மூன்றாவது என்னுடையது என்றால் பிறக்கும்போதே எனக்குள் ஓர் எழுத்து பிசகியிருக்கிறது, புற்றுநோயைத் தடுத்து நிறுத்துகிற இடத்தில், எனக்கு இருந்தால் பதினோரு மாதத்துக் குழந்தை மதிக்கும் இருக்கலாம், காசைச் சுண்டிவிட்ட மாதிரி பாதிக்குப் பாதி. இதை இவ்வளவு தெளிவாக நினைத்துவிட்டு நான் என்ன செய்கிறேன் என்றால், ஸ்வெட்டரின் கைநூல் பிரிந்திருக்கிறதே, இதை யாராவது ஒரு தையல் போடக்கூடாதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். குளிரறைக்கு வெளியே ஆணியில் தொங்குகிற மஞ்சள் ஸ்வெட்டர் இது, மூன்றாவது மாடிக்கே ஒன்று, உள்ளே வருகிறவர்கள் மாட்டிக்கொள்ள வேண்டும். கூட வேலை பார்க்கிற பெனடிக்டா அக்காவின் தைலம், எங்கள் தலைமை உமையாள் மேடத்தின் பவுடர், போன வருஷம் வேலையை விட்டுப்போன யாருடையதோ வியர்வை, எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரு வீட்டு வாசனை வந்துவிட்டது இதற்கு. இப்போது என் பால் வாசனையும். கதவுக்கு அந்தப் பக்கம் சென்னை கத்திரி வெயிலில் காய்கிறது, இந்தப் பக்கம் நாலு டிகிரி. ஒரே அடியில் மார்கழிக்கு வந்துவிட்ட மாதிரி. இயந்திரம் உம்மென்று முனகுகிறது, அந்த முனகலில் தூக்கம் வருகிறது, தூக்கம் இல்லை, தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வருமே, கண் திறந்திருக்க உள்ளே மட்டும் ஒருச்சாய்ந்து படுத்துக்கொள்கிற மயக்கம், அது.

எங்கள் மருத்துவமனையின் புற்றுநோய் ஆய்வகத்தில் ஒரு வழக்கம். புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு ஐந்து மில்லி ரத்தம் கொடுப்பார்கள். நோயாளிகளின் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர் ரத்தம் ஒன்று வேண்டும், அதற்கு ஊரில் போய் ஆள் தேடவா முடியும், இருக்கிறவர்கள் கையை நீட்டிவிட வேண்டியதுதான். கொடுத்தவுடன் கேன்டீனிலிருந்து போண்டாவும் டீயும் வரும். டியூபில் பெயர் எழுதமாட்டார்கள், நார்மல் ஒன்று, நார்மல் இரண்டு என்றுதான் எழுதுவார்கள், ஆனாலும் யார் எந்த நம்பர் என்று பாத்திரம் கழுவுகிற அம்மாவுக்குக்கூடத் தெரியும். நான் நார்மல் நாலு. அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய் இவரிடம் பெருமையாகச் சொன்னேன். "என்ன நார்மல்னு எழுதி ஃபிரீசர்ல வெச்சிருக்காங்க, தெரியுமா?" இவர் மின்வாரியத்தில் ஒயர்மேன், கம்பத்திலிருந்து இறங்கி வந்த கையோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தலையைத் தூக்காமலே, "அவங்க உங்கூட ஒரு மாசம் குடித்தனம் பண்ணட்டும், அப்புறம் எழுதட்டும்" என்றார். அன்றிலிருந்து கோபம் வந்தால் "என்னா நார்மலு" என்றுதான் கூப்பிடுவார், சந்தோஷம் வந்தாலும் அதேதான். என் பெயர் அஞ்சலாட்சி என்பதே அவருக்கு ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும். இன்று காலை போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம், ஏங்க, நான் நார்மல் இல்லபோல இருக்குங்க என்று. அவர் சிரித்திருப்பார். சிரித்துவிடுவார் என்றுதான் சொல்லவில்லை. கம்பத்தின்மேல் இருக்கிற மனுஷனிடம் எதையும் சொல்லக்கூடாது என்பது ஒன்று. நீலம் இப்போது மூன்று விரற்கடை.

காலையில் வெளிச்சப்பெட்டியின்மேல் நேற்றைய ஜெல்லை வைத்துவிட்டு நான்தான் பெனடிக்டா அக்காவைக் கூப்பிட்டேன். பதினோரு தடம். முதல் தடம் நார்மல் நாலு, அப்புறம் ஐந்து நோயாளிகள், ஒவ்வொருவருக்கும் ஜோடி ஜோடியாக இரண்டு தடம், முதலில் கட்டி, அதற்குப் பக்கத்தில் அதே ஆளின் ரத்தம். கட்டியில் மட்டும் மூன்றாவது கோடு வந்தால் அது கட்டிக்குள் நேர்ந்த பிசகு, கட்டியோடு போகும். ரத்தத்திலும் வந்தால் பிறவி. நேற்றைய ஜெல்லில் இரண்டாம் தடத்தில், அதாவது முதல் நோயாளியின் கட்டியில், மூன்றாவது கோடு தெரிந்தது, அது நாங்கள் தேடுவதுதான், கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டியதுதான். முதல் தடத்திலும் அதே உயரத்தில் அதே கோடு. அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நாகர்கோவில்காரி, பதற்றம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "பிள்ளே, ஒண்ணுமில்ல கேட்டியா. பக்கத்துக் குழியிலருந்து வழிஞ்சிருக்கும். நீ ஊத்தும்போ கை நடுங்கியிருக்கும்." "எனக்குக் கை நடுங்காதுக்கா." "நேத்து நடுங்கிச்சுன்னு வெச்சுக்கோயேன், என்ன கொறஞ்சு போச்சு?" எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தோட்டத்தில் பாத்திகட்டித் தண்ணீர் பாய்ச்சின கை இது, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குக் கசியவிட்டால் அப்பா மண்வெட்டியாலேயே அடிப்பார். ஆனால் நடுங்கவில்லை என்று சாதித்தால் அந்தக் கோடு எனக்குச் சொந்தமாகிவிடுகிறது, நடுங்கியது என்று ஒத்துக்கொண்டால் என் கை போய்விடுகிறது, எது வேண்டும் உனக்கு, கையா கோடா. உமையாள் மேடம் வந்து இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். "திரும்ப ஓட்டுங்க. முதல் தடத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு குழி காலியா விடுங்க, வழிஞ்சா தெரிஞ்சிடும்." போகிறபோது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மேடம் யார் தோளையும் தொடமாட்டார். அந்தத் தொடுதல்தான் இப்போதும் தோளில் நாலு டிகிரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நான் தேடுவதை வீட்டில் யாருக்கும் விளங்கவைத்ததில்லை, எனக்கு விளங்குவதே ஒரு தினுசான விளக்கம்தான். கூட்டுச்சாலை அரசுப் பள்ளியில் ஒரே ஒரு மைக்ராஸ்கோப், அதில் வெங்காயத்தோலை வைத்து அறுபது பேர் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு நிமிஷம் பார்த்தோம், என் முறை வந்தபோது மணி அடித்துவிட்டது, அரை நிமிஷம்தான் கிடைத்தது, அந்த அரை நிமிஷத்தில் பார்த்த கட்டங்கட்டமான வெளிச்சத்தைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல். அது இரண்டாகும், இரண்டு நாலாகும், அப்படித்தான் மதியின் நகம் வளர்கிறது, என் புண் ஆறுகிறது. ஆனால் இரண்டாக ஆவதற்கு முன்னால் நின்று நின்று போக வேண்டும். போதுமான அளவு வளர்ந்தாயிற்றா, எழுத்தையெல்லாம் பிழையில்லாமல் நகல் எடுத்தாயிற்றா, இல்லையென்றால் இங்கேயே நில், சரிசெய், சரிசெய்ய முடியவில்லையென்றால் நீ செத்துப்போ, உன்னோடு பிழையும் போகட்டும். அப்படி நிறுத்துவதற்கென்றே சில காவல்காரர்கள் உண்டு. காவல்காரனுக்கே எழுத்துப் பிசகிவிட்டால் நிறுத்த ஆள் இல்லை, செல் நிற்காமல் இரண்டாகிக்கொண்டே போகும், கட்டியாகும். கட்டிகளில் எந்தக் காவல்காரன் கெட்டுப்போயிருக்கிறான் என்று ஒவ்வொருவனாகத் தேடுவதுதான் எங்கள் வேலை, இந்த மாதம் பி-53 என்கிறவனின் ஏழாவது துண்டு. அந்தத் துண்டை மட்டும் கோடிக்கணக்கில் பெருக்கி, கொதிக்கவைத்து, சட்டென்று பனிக்கட்டியில் போட்டால் பின்னிக்கிடக்கிற இரண்டு இழையும் பிரிந்து தனித்தனியாகச் சுருண்டுகொள்ளும், ஈரத்தோடு ஜடையை அவிழ்த்துவிட்ட தலைமுடி மாதிரி, இழைக்கு ஒரு கோடு. ஓர் எழுத்து மாறினால் சுருளும் மாறும். சுருள் மாறினால் ஜெல்லுக்குள் ஓடுகிற வேகம் மாறும், வேறு இடத்தில் போய் நிற்கும். மூன்றாவது கோடு அதுதான். எல்லாருக்கும் இந்தக் காவல்காரன் இரண்டு பேர், அம்மா கொடுத்தவன் ஒருத்தன், அப்பா கொடுத்தவன் ஒருத்தன். ஒருத்தன் போனாலும் இன்னொருத்தன் பார்த்துக்கொள்வான். அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பன்னிரண்டாவது போய்வந்தபோது எனக்கு முன் பிரேக் அறுந்துபோயிற்று, ஒரு வருஷம் பின் பிரேக்கிலேயே ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. ஏரிக்கரை இறக்கத்தில் மட்டும் வயிற்றுக்குள் ஒரு காற்று அடைக்கும். அந்தக் காற்றுதான் இது. ஒரு வருஷம் ஓட்டலாம், ஐம்பது வருஷம் ஓட்டலாமா.

இடது மார்பு கனக்கிறது. பதினொரு மணிக்குக் கொடுத்தது, மூன்று மணிக்குப் போய்க் கொடுக்க வேண்டும், உடம்புக்குக் கடிகாரம் தெரியும். ஸ்வெட்டருக்கு மேலேயே அழுத்திப் பார்க்கிறேன், ஒரு இடத்தில் கெட்டியாக இருக்கிறது, பால்தான், பால் கட்டினால் இப்படித்தான் இருக்கும். தினமும் இருக்கிறது. தினமும் இருக்கிறதா, இல்லை தினமும் இருந்து நான் பால் என்று விட்டுவிட்டேனா. கையை எடுத்துவிட்டேன். எடுத்த கை தானாக மறுபடி அங்கேயே போகிறது, பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போகிற மாதிரி. தவமணி சின்னம்மா. அம்மாவின் தங்கை, நான் நாலாவது படிக்கும்போது செத்துப்போனவள், அவள் முகம் எனக்கு வரவில்லை, அவள் ரவிக்கையின் ஊக்கு மட்டும் வருகிறது, துருப்பிடித்த ஊக்கு, ஏன் அது. குளிரறையை விட்டு வெளியே வந்து தாழ்வாரத்தில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டேன், வெயில் ஒரே அடியாய் முகத்தில் அடித்தது. "அம்மா, தவமணி சின்னம்மாவுக்கு மார்ல கட்டி வந்துச்சே, அப்ப அதுக்கு என்னா வயசு?" "ஏண்டி, மத்தியானம் சாப்புட்ற நேரத்துல இன்னா கேள்வி இது? நீ சாப்புட்டியா?" "சாப்புட்டேன். சொல்லும்மா." "இருவத்தெட்டோ ஒம்பதோ. யார் கணக்கு வெச்சா. புள்ள பால் குடிக்கல, கட்டிக்கிச்சி. ஒத்தடம் குடுத்தோம், பத்து போட்டோம்." "பால் கட்டிக்கிட்டா யாராச்சும் செத்துப்போவாங்களாம்மா?" அந்தப் பக்கம் டிவியில் யாரோ அழுகிற சத்தம் கேட்டது, அதை அம்மா சின்னதாக்கினாள். "நீ பெரிய எடத்துல வேல செய்யிறவ. ஒனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது? அப்ப யாருடி நமக்கு எடுத்துச் சொன்னது?" என்றாள், உடனே வேறு குரலில், "கொயந்த எப்பிடியிருக்கா? ஒதடு ஆறிச்சா?" என்றாள். ஆறிக்கிட்டிருக்கும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். பாவம், கேட்டிருக்கக்கூடாது. கேட்டதில் என்ன தெரிந்தது, ஒரு வயசு தெரிந்தது. இருபத்தெட்டு. எனக்கு வைகாசி பிறந்தால் இருபத்தெட்டு.

நீலம் பாதிவழி. மூன்றடிக்க ஐந்து நிமிஷம். காப்பகம் கீழ்த்தளத்தில், மருத்துவமனை வேலைக்காரர்களின் குழந்தைகளுக்கென்று விட்ட அறை, சுவர் முழுக்கப் பச்சைக்கிளி வரைந்திருக்கும். கதவைத் திறந்ததும் மதி என்னைப் பார்த்துவிட்டாள். நிறைமதி என்று ஆசையாய் வைத்த பெயர், கூப்பிடுவது மதி. நடக்க ஆரம்பித்து எட்டு நாள்தான் ஆகிறது, நடப்பதென்ன, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு ஓட்டம், வந்த வேகத்தில் என் முழங்காலில் மோதித்தான் நின்றாள். பட்டம்மாக்கா, அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள், தொட்டில் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஓடக் கத்துக்கினா, நிக்கத் தெரியல உம் பொண்ணுக்கு. சொவுரு வந்தா சொவுத்துல நிக்கிறா, ஆளு வந்தா ஆளு மேல நிக்கிறா. நேத்து மேசை வந்துச்சி, ஒதட்டக் கிழிச்சிக்கினா." "எல்லாப் புள்ளைங்களும் அப்பிடித்தானக்கா?" "எல்லாம் அப்பிடித்தான். நடைதான் மொதல்ல வரும், நிக்கிறது அப்புறந்தான் வரும். ஒனக்கு வந்துருச்சா, சொல்லு?" என்று சிரித்தாள், நானும் சிரித்தேன், மடியில் போட்டுப் பால் கொடுத்தேன். பால் இறங்குகிறபோது உள்ளங்கால்வரைக்கும் ஒரு சிலிர்ப்பு ஓடி அடங்கும், அப்புறம் உலகத்தில் எதுவும் அவசரமில்லை. அவள் ஒரு கையால் என் தாலிச்சரட்டைப் பிடித்து முறுக்கிக்கொண்டு ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். கீழுதட்டில் சின்னதாய்க் கறுத்த பொருக்கு. நேற்று நாலரைக்கு இந்த உதட்டுக்காகத்தான் போன் வந்தது. ஓடி முடிந்த ஜெல்லின் இரண்டு கண்ணாடியையும் அப்போதுதான் கழற்றிக் கையில் எடுத்தேன், பாப்பாவுக்கு ரத்தம் வருதுன்னு பட்டம்மாக்கா சொன்னதும் மேசையில் வைத்துவிட்டு ஓடினேன், ஐஸ் ஒத்தி, சமாதானப்படுத்தி, திரும்பி வந்து கண்ணாடியைத் திறந்து, எப்போதும் செய்வதுபோல முதல் தடத்துப் பக்கம் மூலையைக் கத்தியால் வெட்டி அடையாளம் பண்ணிச் சாயத்தில் போட்டேன். எல்லாம் ஒழுங்காகத்தானே செய்தேன். பால் குடிக்கிற வாய் நின்று நின்று இழுக்கிறது. இதில் அந்த எழுத்து போகாது, பாலில் போகாது, எனக்குத் தெரியும், போகிறதென்றால் அது எப்போதோ போயாயிற்று. இருந்தாலும் ஒரு நொடி மார்பைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். மதி விடவில்லை. அப்போதுதான் நினைத்தேன், நினைத்தேன் என்பதா, வேண்டினேன் என்பதா, எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை, அந்தக் கோட்டிடமே நேராகக் கேட்டேன். போயேன். எங்களை விட்டுட்டு எங்கேயாவது போயேன். வேற யார்கிட்டயாவது போயேன்.

மேலே ஏறி வருகிறபோது படிக்கட்டில் ரத்தம் எடுக்கிற அறையின் வரிசையைத் தாண்டித்தான் வர வேண்டும். புத்தகத்தில் எங்களுக்கு எல்லாரும் நம்பர்தான், ஆனால் ஊசி குத்தினவளுக்கு முகம் மறக்குமா. இந்த ஐந்து பேருக்கும் நான்தான் எடுத்தேன், ஒரு மாதத்துக்கு முன்னால். முதல் ஆள் கண்ணை இறுக்க மூடிக்கொண்ட டீச்சர். மூன்றாவது ஆள் நாலு தடவை தேடியும் நரம்பு கிடைக்காத கிழவி, நீ நல்லா வருவ கண்ணு என்று என்னையே தேற்றினாள். ஐந்தாவது கோமளவல்லி, திண்டிவனம் பக்கம், முப்பத்தொரு வயசு, என்னைவிடப் பெரியவள் என்று அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஏழு வயசுப் பெண்ணை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள், விட்டுவர ஆளில்லை. அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு டியூபில் ரத்தம் ஏறுவதைக் கண் கொட்டாமல் பார்த்தது. "அக்கா, எடுத்த ரத்தம் மறுபடியும் ஊறுமா?" "ஊறும் பாப்பா, ரெண்டு நாள்ல ஊறிடும்." "எண்ணிப் பாத்தீங்களா?" கோமளவல்லி சிரித்துவிட்டாள். "இது இப்பிடித்தாம்மா, வாத்தியாரையே கேள்வி கேக்கும். தேனு, சும்மா இரு." எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போய் மேசையிலிருந்த சின்ன டியூப் ஒன்று, மூடியோடு, சுண்டுவிரல் நுனி அளவு இருக்குமே அது, புதுசாய் எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்து திறந்து மூடி, டிக் டிக் என்று சத்தம் பண்ணிக்கொண்டே போனது. நானும் பெண்பிள்ளை பெற்றால் இப்படிக் கேள்வி கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன், பெற்று பத்து மாதமாகிவிட்டது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

நாலு மணி. நீலம் அடியைத் தொட்டு வெளியே வழிகிறது. மின்சாரத்தை நிறுத்தினேன், முனகல் நின்றது, நின்ற பிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிகிறது. இந்தத் தடவை கண்ணாடியைக் கீழே வைக்கவில்லை, போனை அணைத்துவிட்டேன், மூலையை வெட்டினேன், தட்டில் இறக்கினேன். தண்ணீரில் மிதக்கிற ஜெல்லைப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், பாலாடையைவிட மெல்லிசு. வெள்ளிக் கரைசல், அலசல், அப்புறம் கோடு எழுப்புகிற கரைசல். தட்டை ஆட்ட வேண்டும், அலை இந்தப் பக்கம், அலை அந்தப் பக்கம். பெனடிக்டா அக்கா பக்கத்தில் வந்து நின்றாள், என் தோளில் அவள் தோள். முதலில் மஞ்சளாய் ஒரு மூட்டம், அப்புறம் அங்கங்கே பென்சிலில் கீறின மாதிரி. வருகிறது. வரும்போது எல்லாம் ஒன்றாகத்தான் வரும், கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாது, நான் தட்டின் ஓரத்தில் ஒட்டியிருந்த எறும்பைப் பார்த்தேன். "அஞ்சலா" என்றாள் அக்கா. "பாரு பிள்ளே." இடது ஓரம், முதல் தடம், இரண்டு கோடு. பக்கத்தில் காலிக்குழி, அதில் ஒன்றுமில்லை, சுத்தம். இரண்டு கோடு. எண்ணிப் பாத்தீங்களா. எண்ணினேன். இரண்டுதான், மறுபடி எண்ணினேன், இரண்டு. அடுத்து டீச்சருடைய கட்டி, அதிலும் இரண்டுதான். அதெப்படி, நேற்று அதில் மூன்று இருந்ததே. "அப்ப மூணாவது எங்கக்கா போச்சு?" அக்கா விரலைத் தூக்கி மறு ஓரத்தைக் காட்டினாள். கடைசி ஜோடி. கட்டியில் மூன்று, ரத்தத்தில் மூன்று. கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி, நேற்றைய ஜெல் அப்படியே இடம் வலமாய்த் திரும்பி. அந்த நொடியில் நேற்றைய மேசை எனக்குத் தெரிந்தது. போன் வந்ததும் வைத்த கண்ணாடி, திரும்பி வந்து எடுத்த கண்ணாடி, எந்த முகம் மேலே இருந்தது என்று பார்க்காமல் திறந்து, இடது கைப்பக்கம்தானே முதல் தடம் என்று கை பழக்கத்துக்கு வெட்டின மூலை. நான் வெட்டினது கடைசித் தடத்தின் மூலை. கை நடுங்கவில்லை, வழியவில்லை, ஒன்றுமே ஆகவில்லை, ஜெல்லைக் கவிழ்த்துப் படித்திருக்கிறோம்.

சிரிப்பு வந்துவிட்டது. அக்காவைக் கட்டிக்கொண்டு சிரித்தேன், அவள் "கொன்னுப்போட்டியே பிள்ளே, ஒரு மூலையை வெட்டத் தெரியாதவளே" என்று முதுகில் குத்தினாள், ஸ்வெட்டரோடு இரண்டு பேரும் வேர்த்தோம். உடம்பெல்லாம் பால் இறங்குகிற மாதிரி ஒன்று இறங்கியது, மதி, மதிக்குட்டி, உனக்கு ஒன்றுமில்லடி தங்கம். சின்னம்மாவின் இருபத்தெட்டு எங்கோ தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. இவருக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும், நான் நார்மல்தாங்க, எழுதி வெச்சது சரிதாங்க. அக்கா முதலில் சிரிப்பை நிறுத்தினாள். அவள் நிறுத்தின பிறகும் என் சிரிப்பு கொஞ்ச தூரம் ஓடியது, அதற்கு நிற்கத் தெரியவில்லை. கடைசி ஜோடி யாருடையது என்று புத்தகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கில்லை. டிக் டிக். போயேன் என்று கேட்டேனே, போயிருக்கிறது. இல்லை, எங்கேயும் போகவில்லை, ஒரு மாதமாய், முப்பத்தொரு வருஷமாய் அங்கேயேதான் இருந்திருக்கிறது, நான் கேட்டதால் எதுவும் நகரவில்லை, எழுத்து அப்படி நகராது, இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் தட்டை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன், ஆட்ட வேண்டிய நேரம் முடிந்துவிட்டது, அலை இந்தப் பக்கம், அலை அந்தப் பக்கம்.

மேடம் வந்து வெளிச்சப்பெட்டிக்குக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் நோட்டில் எழுதினேன்: நேற்றைய ஜெல்லில் மூலை தவறாக வெட்டப்பட்டது, தவறு என்னுடையது. கையெழுத்துப் போட்டேன். "திட்டுங்க மேடம்" என்றேன். "திட்டி என்ன, இனிமே போன் வந்தா ஜெல்லை வேற யார் கையிலயாவது குடுத்துட்டுப் போ" என்றார். அப்புறம் சொன்னார், கோமளவல்லியிடம் புதிதாய் ரத்தம் எடுத்து இன்னொரு தடவை உறுதி பண்ணாமல் யாரும் வாய் திறக்கக்கூடாது. உறுதியானால் டாக்டர் உட்காரவைத்துச் சொல்வார், அவளுக்கும், அவள் ஒத்துக்கொண்டால் பெண்ணுக்கும் பார்ப்பார்கள். தெரிந்தால் வருஷா வருஷம் கூப்பிட்டுப் பார்க்கலாம், சின்னதாய் இருக்கும்போதே பிடிக்கலாம். "தெரியாம இருக்கறதுக்குத் தெரியறது மேல்" என்றார், சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் தவமணி சின்னம்மாவின் முகம் எனக்கு வந்துவிட்டது, எங்கிருந்தோ, ஊக்கோடு சேர்த்து முழுசாய். அவளை யாரும் கூப்பிடவில்லை. ஒத்தடம் கொடுத்தார்கள். "யார் பேசுறீங்க? வர்றதுக்குப் பயப்படுவாங்க, தெரிஞ்சவங்க கூப்பிட்டா நல்லது" என்றார் மேடம். அக்கா என்னைப் பார்க்கவில்லை, அதனாலேயே நான் கையைத் தூக்கினேன்.

தாழ்வாரத்து ஜன்னலில் வெயில் சாய்ந்திருக்கிறது. இன்னும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. ஐந்து மணிக்கு மேல் காப்பகத்துக்குப் போக வேண்டும், மதி கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். நம்பரைப் போட்டுவிட்டு வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், வணக்கம்க்கா, ஆஸ்பத்திரிலருந்து பேசறேன், பயப்பட ஒண்ணுமில்ல, பயப்பட ஒண்ணுமில்ல என்று சொல்லலாமா, அது பொய்யாகுமா, ஒரு தடவை வந்துட்டுப் போங்கக்கா, இது போதும், இதை மட்டும் சொல். மணி அடிக்கிறது. அடிக்கிறது. எடுத்துவிட்டார்கள், மூச்சு வாங்குகிற சத்தம், எங்கிருந்தோ ஓடி வந்து எடுத்த மூச்சு. "அலோ, யாரு?" சின்னக் குரல். "அம்மா இருக்காங்களா பாப்பா? ஆஸ்பத்திரிலருந்து அக்கா பேசறேன், ரத்தம் எடுத்தேனே." "டியூபு குடுத்த அக்காவா?" "ஆமா, அதே அக்காதான்." "அக்கா, எனக்கு முன்னாடி பல்லு விழுந்துருச்சி. கூரை மேல தூக்கிப் போடல. அந்த டியூபுல போட்டு மூடி வெச்சிருக்கேன்." டிக் என்று கேட்டது, திறந்து பார்க்கிறாள், இருக்கிறதா என்று. மறுபடி டிக். "நல்லா மூடிட்டியா?" என்றேன். "மூடிட்டேன்." "பத்திரமா வெச்சுக்க. நீ வரும்போது எடுத்துட்டு வா, பாக்கறேன்." "நானும் வரணுமா?" "நீயும் வா பாப்பா," என்றேன், "இப்ப அம்மாகிட்ட குடு." அம்மா, அந்த அக்கா, என்று கத்திக்கொண்டு போன் கையோடு ஓடுகிறாள், காலடிச் சத்தம் மண்ணில் தடதடவென்று கேட்கிறது, கோழி ஒன்று பதறுகிறது, நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் எங்கே போய் நிற்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.